பழசு யாருக்கு?

“பழசுன்னாலே நம்ம தெருவுக்குத்தான் வரும்” என்பாள் அம்மா. கிழிந்த சேலை, மிஞ்சின சோறு, கால் உடைந்த கட்டில் எல்லாம் ஊரிலிருந்து சேரிக்கு வந்த பாதை ஒன்றுதான். அதனால் பழைய கட்டடத்துக் கான்கிரீட்டை அறுத்தெடுத்துப் புதிய கட்டடத்தில் வைக்கலாம் என்று பொறியாளர் நண்பர் ஒருவர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதையும் எங்க தலைக்கு மேலதான் ஏத்துவீங்களா?

அவர் காட்டியது சுவிட்சர்லாந்தில் 2021இல் செய்த ஒரு நடைபாலம். பழைய கட்டடச் சுவரிலிருந்து 25 துண்டுகளை அறுத்து, வில்போல அடுக்கி, எஃகு வடம் கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். 10 மீட்டர் தாண்டுகிறது. உலகம் கக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. பழையதை அப்படியே எடுத்து வைத்தால் அந்த அளவுக்குப் புதுச் சிமெண்டு மிச்சம். நியாயம்தான்.

நம் ஊரில் இடிக்கிற கட்டடத்தின் கம்பியை நிமிர்த்தி விற்கிறோம். கான்கிரீட்டைச் சம்மட்டியால் நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டுகிறோம். அந்தச் சம்மட்டி யார் கையில், அந்தத் தூசி யார் நெஞ்சில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கான்கிரீட்டை எடுக்குமுன் சோதிக்க வேண்டும். உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கிப் பலம் பார்ப்பார்கள். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தால் காரம் குறையாத இடம் இளஞ்சிவப்பாகும். காற்று புகுந்து காரம் போன இடம் நிறம் மாறாது. ஈரமும் சேர்ந்தால் அங்கே கம்பி துருப்பிடிக்கும். ‘நீ எந்தத் தெருக் கட்டடத்துலேர்ந்து வந்தே?’ என்று யாரும் கேட்பதில்லை. எவ்வளவு சுமப்பாய் என்பதுதான் கேள்வி. கான்கிரீட்டுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை இங்கே மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் காலனியின் தொகுப்பு வீடு புதுச் சிமெண்டில் கட்டியதுதான். சில வருசத்திலேயே தளம் பொரிந்து துருக்கம்பி பல்லைக் காட்டியது. மனு கொடுத்தோம்; ஒருவரும் வந்து தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி காரை பெயர்ந்து அம்மா காலில் விழுந்தது. அன்றையிலிருந்து மழை பெய்தாலும் திண்ணையில்தான் படுக்கை.

ஆக, பழசா புதுசா என்பதல்ல பிரச்சினை. அந்தத் தளத்துக்குக் கீழே படுக்கிறவனிடம் சோதனைக் கணக்கைக் காட்டினீர்களா? ‘வேணாம்’ என்று சொல்ல அவனுக்கு வழி வைத்தீர்களா? இந்த இரண்டும் இல்லாமல் கொடுப்பது எதுவானாலும் எச்சில் சோறுதான்.

பழைய தளம் முதலில் அமைச்சர் பங்களாவிலும் கலெக்டர் ஆபீசிலும் ஏறட்டும். அதே சோதனைச் சீட்டோடு எங்கள் தெருவுக்கும் வரட்டும். நாங்களும் அதன் கீழே படுக்கிறோம்.