தலையெழுத்தா, பழக்கமா?

வியாசர்பாடி இளைஞர் பட்டம் பெறுகிறார். வேலைக்கான நேர்காணலில் நா எழுவதில்லை. "தலையெழுத்து" என்று தலைகவிழ்கிறார். நாம் இதை ஏற்கமாட்டோம்!

பேசாதே, நிமிராதே என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கியது சாதி. கூச்சம் புகுந்தது அவர் குற்றமன்று. அதை விதியென்று பேணுவதே குற்றம். பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் போகும்.

அருகே பெரம்பூரில், தனித்தனியே அஞ்சிக்கிடந்த பின்னி ஆலைத் தொழிலாளர், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டனர்; ஒன்றாக நின்று உரிமை கேட்டனர். தலையெழுத்தா மாறிற்று? எண்ணமன்றோ மாறிற்று!

ஆகவே தோழர்களே, படிப்பகத்தில் ஏட்டை உரக்கப் படிப்போம். மன்றத்தில் வாரந்தோறும் ஐந்து நிமிடமேனும் பேசுவோம். பிழை சுட்டுவோரிடம் சினங்கொள்ளோம். நாவைக் கட்டிய கயிற்றை நாமே அவிழ்ப்போம்!