அத்தாவின் உடல் யாருடைய அமானிதம்?



நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்கு வந்தார்கள். உடன் அலீ (ரலி) அவர்களும் இருந்தார்கள். அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறி வந்த நேரம். வீட்டில் பேரீச்சங் குலைகள் தொங்கிக் கொண்டிருந்தன. நபியவர்கள் எடுத்துச் சாப்பிட, அலீ அவர்களும் சாப்பிட ஆரம்பித்தார்கள். நபியவர்கள் தடுத்தார்கள். உடம்பு இன்னும் முழுசாகத் தேறவில்லை என்று காரணத்தையும் சொன்னார்கள். பிறகு அந்த அம்மையார் கீரையும் வாற்கோதுமையும் சமைத்துக் கொண்டுவந்தபோது, இதைச் சாப்பிடலாம், இதுதான் ஏற்றது என்று காட்டினார்கள். அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வரும் செய்தி இது.

தடுத்தார்கள், காரணம் சொன்னார்கள், மாற்றையும் காட்டினார்கள். நம் வீடுகளில் முதலாவதோடு நிறுத்திக் கொள்கிறோம்.

என் அத்தாவுக்குச் சர்க்கரை. பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து இனிப்பு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். மாத்திரையை நாங்களே எண்ணிக் கொடுத்தோம். பெரிய கித்மத் செய்கிறோம் என்ற நினைப்பு! அவரோ அஸர் தொழுதுவிட்டு டீக்கடையில் தினமும் பணியாரம் சாப்பிட்டிருக்கிறார். கடைக்காரர் கணக்கு நோட்டைக் காட்டியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது.

அதன் பிறகு குளுக்கோமீட்டரை அவர் கையிலேயே கொடுத்தோம். இடியாப்பத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார். 280. ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் டீயில் சீனி வேண்டாமென்று அவரே சொன்னார். பணியாரத்தை முழுசாக விடவில்லை, அது வேறு விஷயம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம் என்று மிம்பரில் நாங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். அப்படியானால் அத்தாவின் உடல் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? மறுமையில் அதைப் பற்றி முதலில் கேட்கப்படுபவர் அவர். ஒருவரிடம் ஒப்படைத்ததைப் பிடுங்கி நாம் வைத்துக்கொண்டால் அது உதவியாகுமா? நினைவு தப்பியவர், சிறு பிள்ளை விஷயம் வேறு. புத்தி தெளிவாக இருக்கும் பெரியவரைப் பற்றிக் கேட்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 15 நிமிடம் டாக்டரைப் பார்த்தால் ஆண்டுக்கு 1 மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் நோயாளி தன்னோடுதான் இருக்கிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. ஆனால் நேரத்துக்கு விழுங்குவதும், உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் இருக்கிறதா என்று இரவில் பார்ப்பதும் யார் வேலை?

ரமளானில் இன்னொரு தவறு நடக்கிறது. “அவருக்கும்தான் சர்க்கரை, முப்பது நோன்பும் வைக்கிறாரே” என்று சொல்லிவிடுகிறோம். வெட்கப்பட்டு, மயக்கம் வருவதை மறைத்து நோன்பைத் தொடர்பவர்கள் நம் ஸஃப்பிலேயே இருக்கிறார்கள். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபிக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்ய உமக்கு அனுமதியில்லை என்று தோழர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். அவரைக் கொன்றது அந்தத் தீர்ப்புச் சொன்னவர்கள்தான் என்று நபியவர்கள் கடுமையாகக் கண்டித்ததை அபூதாவூதில் பார்க்கிறோம்.

நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்ற சலுகை குர்ஆனின் 2:185லேயே இருக்கிறது. குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாதவருக்கு ஃபித்யா. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல். மஃரிபுக்குப் பத்து நிமிடம்தானே இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது. நோன்பு வைப்பதா, எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதையெல்லாம் ரமளானுக்கு முன்பே ஆலிமிடமும் டாக்டரிடமும் அவரே கேட்கட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அத்தாவிடமும் அம்மாவிடமும் எந்த மாத்திரை எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் உடனே பாடம் நடத்த வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் அவர்களையே கேட்க விடுங்கள். டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால், உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு உட்காருங்கள்.