தலை குனிந்தால் குற்றவாளியா?

செருப்பைக் குதறிவிட்டது நாய். வருகிறார் வீட்டுக்காரர், கண் சிவக்க, குரல் உயர. நாய் காதை மடக்குகிறது, வாலை ஒடுக்குகிறது, பார்வையைத் திருப்புகிறது. “செய்த குற்றம் முகத்திலேயே எழுதியிருக்கிறதே!” என்கிறார். தீர்ப்பு முடிந்தது, தடி எழுந்தது.

எழுதியிருக்கிறதா, நண்பர்களே?

2009-ல் வெளியான ஆய்வில், நியூயார்க் ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களைக் கொண்டு இதைச் சோதித்தார். ‘தொடாதே’ என்று தின்பண்டத்தைக் காட்டிவிட்டு உரிமையாளர் வெளியேறுவார். திரும்பியதும், நாய் தின்றதென்றோ தின்னவில்லையென்றோ அவருக்குச் சொல்லப்படும், சிலவேளை பொய்யாகவே! விளைவு? தின்றதா, தின்னவில்லையா என்பதை முகம் காட்டவில்லை. திட்டப்பட்ட நாய் குன்றியது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய் இன்னும் அதிகமாகக் குன்றியது!

நாய்க்குக் குற்றவுணர்வே கிடையாது என்று இந்த ஆய்வு கூறவில்லை. முகம் சாட்சியாகாது என்றே கூறுகிறது. காலையில் கடித்த செருப்புக்கு மாலையில் விழும் அடி எதைக் கற்பிக்கும்? எசமானர் நுழையும் நேரம் ஆபத்தான நேரம் என்பதை! செருப்பை உயரே வைக்கலாம். கடிக்க வேறு பொருள் தரலாம். நாள்தோறும் உலாவ அழைத்துச் செல்லலாம். தடியை விட இவை எளியவை.

நானும் அத்தகைய நீதிபதியாக இருந்தவன்தான். வகுப்பில் சுண்ணக்கட்டிப் பெட்டி காணவில்லை. தலை குனிந்து நின்ற சிறுவனைப் பார்த்து, “நீதான்!” என்று பிரம்பை ஓங்கினேன், அடித்தேன். மறுநாள், பெட்டி என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. அனைவர் முன்னும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதும் அவன் தலை குனிந்தே நின்றான்.