கொழுந்துக்குள் சிவப்பு

பதுளைச் சரிவுகளில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வறண்டு வீசும் பருவத்தில் கொய்த கொழுந்து, ஆலையில் வாடி, உருளையில் கசங்கி, பச்சை நீங்கிச் செம்பு நிறம் கொள்ளுங்கால், அந்நிறம் இலைக்குள் முன்னரே இருந்ததா, புதிதாய் ஜனித்ததா என்னும் வினா எழுகின்றது. உள்ளதே தோன்றும் என்பது சற்காரியவாதம். சைவ சித்தாந்தத்தின் துணிபும் அதுவே. நியாய தரிசனத்தாராகிய நையாயிகர் உடன்படார்; புதிதாய் ஜனிப்பதே காரியம் என்பர்.

இலையிலுள்ள கெட்டிகின் மூலக்கூற்றின் ஒரு வளையத்தில் ஐதரொட்சில் தொகுதிகள் அடுத்தடுத்த காபன்களில் நிற்பதால், கலம் சிதைந்து நொதியமும் பிராணவாயுவும் கூடியவுடன் அவ்வளையம் குயினோனாகின்றது. மற்றொரு வளையத்திலோ அவை ஓரிடம் விட்டு நிற்றலின் அது அவ்வாறு ஆவதில்லை. அயலயலாய் இரண்டு தொகுதிகள் கொண்ட வகையும் மூன்று கொண்ட வகையும் இவ்வாறு மாறி இணைந்தே, அந்நிறத்திற் பங்குகொள்ளும், ஏழு காபன் வளையமுடைய தியாஃபிளேவின் பிறக்கின்றது. அவ்வளையம் பசுங்கொழுந்தின் கெட்டிகினில் இல்லை என்று நையாயிகர் வாதிப்பின் அது மெய்யே. எனினும், அமைப்பே சக்தியாய் உறைந்திருந்தது என்னும் சித்தாந்தியின் பக்கமே என் மனம் சாய்கின்றது.

கெட்டிகின் முதற்காரணம், நொதியம் துணைக்காரணம் எனின், செய்வோனாகிய நிமித்த காரணம் யார்? தக்க தருணத்தில் உலர்த்தியின் வெப்பத்தால் நொதியத்தை அடக்கும் டீமேக்கர் என்பர் சிலர். கூடை சுமந்து, இரண்டிலையும் மொட்டுமாய்த் தேர்ந்து கொய்த பெண்ணை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.