தீர்ப்பில் எழுதாத தண்டனை

அரசு வேலைக்குத் தேர்வானவர்களிடம் ஒரு சரிபார்ப்புப் படிவம் கொடுப்பார்கள். பெயர், முகவரி, படித்த பள்ளி, தங்கியிருந்த ஊர்கள் என்று சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் படிவம் ஓரிடத்தில் குரலை மாற்றிக்கொள்ளும். எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா? வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா? எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள். காலவரம்பு எதுவும் கிடையாது. பத்தொன்பது வயதில் திருவிழாக் கூட்டத்தில் நடந்த கைகலப்புக்கும் போன வருடம் நடந்த வழிப்பறிக்கும் ஒரே ‘ஆம்’தான்.

அப்படி எழுதினால் வேலை கைநழுவலாம். ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, வெரிஃபிகேஷனில் பழைய கேஸ் வெளியே வந்தால், மறைத்த காரணத்துக்காகவே வேலை போகலாம். டெல்லி காவல்துறையில் தலைமைக் காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஏறத்தாழ இருபது வயதில் அவர் மீது ஓர் அடிதடி வழக்கு இருந்தது. இரு தரப்பும் சமாதானமாகி, அவர் விடுதலையும் ஆகியிருந்தார். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இளம் வயதுத் தவறுகளைப் பெருந்தன்மையோடு பார்க்க வேண்டும் என்று எழுதிய நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, ரொட்டி திருடியதற்காக ஆயுள் முழுக்கத் திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட ழான் வல்ழானைத் தீர்ப்பில் நினைவுகூர்ந்தார். சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த ஹ்யூகோவின் நாவலின் நாயகன் அவன்.

ஆனால் 2016இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு பொதுவான நெறிகளை வகுத்தபோது இரண்டையும் சேர்த்தே சொன்னது. அற்பமான வழக்கை மறைத்தவரை நிர்வாகம் மன்னிக்கலாம். முடிந்துபோன வழக்கை ஒளிக்காமல் சொன்னவரையும் வேலைக்கு எடுத்தே தீர வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆக, எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி மனம் வைத்தால் உண்டு. உரிமை என்று கேட்க ஒன்றுமில்லை.

மூன்று மாதச் சிறை என்று நீதிபதி எழுதினால் அது மூன்று மாதம்தான். குற்றத்தின் கனம், வயது, சூழ்நிலை எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து எழுதிய அளவு அது. அதன்பின் வரும் நீண்ட தண்டனையை, அதாவது வேலை மறுப்பை, வாடகை வீடு மறுப்பை, பாஸ்போர்ட் தாமதத்தை, எந்த நீதிபதியும் எழுதவில்லை. அதற்கு அளவு என்று எதுவும் இல்லை. முதலையும் வட்டியையும் கட்டி முடித்த பிறகும் நகையைத் திருப்பித் தராத அடகுக்கடையை யாரும் நியாயமான கடை என்று சொல்வதில்லை.

இந்தத் தண்டனை யாரைக் கடிக்கிறது என்பது அதைவிட வேதனையானது. கூலிக்கு ஆள் அடிக்கிறவன் வாழ்நாளில் ஒரு சரிபார்ப்புப் படிவம்கூட நிரப்புவதில்லை. அவனுக்குப் பழைய கேஸ் ஒரு தகுதி. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஃபிட்டர் வேலைக்குப் போக நினைப்பவன், பள்ளி வேன் ஓட்ட நினைப்பவன், வளைகுடாவுக்குப் போய்க் கடனை அடைக்க நினைப்பவன், இவர்கள்தான் காவல்துறைச் சான்றுக்கு மனு போடுகிறார்கள். திருந்தி வாழ முயல்பவனை மட்டும் தேடிப்பிடித்து அடிக்கும் தண்டனை எந்த நோக்கத்தில் பார்த்தாலும் கோணலானது. குற்றத்தைத் தடுப்பதற்காக என்றால், அது எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது.

காலவரம்பு வைக்க நம் சட்டத்துக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், விடுதலையான நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஆறு ஆண்டு கழிந்தால் நிற்கலாம். ஜெயித்தால் நாட்டுக்கே சட்டம் இயற்றலாம். அந்த வரம்பு போதுமா என்பது வேறு விவாதம். சட்டமன்ற உறுப்பினருக்கு உள்ள முடிவுத் தேதி, அதே சட்டமன்றக் கட்டடத்தில் காவலாளி வேலை கேட்பவருக்கு ஏன் இல்லை என்பதற்கு யாரும் இதுவரை நேர்மையான பதில் சொன்னதில்லை.

சிறார்களுக்கு மட்டும் சட்டம் தெளிவாக இரங்கியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் ஆவணங்களை அழிக்கவும் சொல்கிறது. பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றம் செய்து, குழந்தைகள் நீதிமன்றத்தில் வயதுவந்தவராகவே விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. பெரியவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் ஓர் ஓரக்கதவு. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது. ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பே அதனால் அழிந்துவிடுவதில்லை என்று நீதிமன்றங்கள் விளக்கிவிட்டன. மற்றவர்களுக்குக் கதவே இல்லை. 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைரேகை, கருவிழி, புகைப்படம் எல்லாம் 75 ஆண்டுகள் பாதுகாக்கப்படும். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையோ, முதல்முறை திருடியவர் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்கிறது. ஒரு கையால் குற்றத்தைச் சிறிதென்று சொல்லும் அரசு, மறு கையால் கைரேகையை முக்கால் நூற்றாண்டுக்குப் பூட்டி வைக்கிறது.

இங்கிலாந்து 1974இலேயே இதற்கு ஒரு வழி கண்டது. சிறு தண்டனைகள் குறிப்பிட்ட காலம் குற்றமின்றிக் கழிந்தால் காலாவதியாகிவிடும். 2023 அக்டோபரிலிருந்து அந்தக் காலம் இன்னும் சுருங்கியிருக்கிறது: ஓராண்டு வரையிலான சிறைக்குப் பின் ஓராண்டு, நான்காண்டு வரையிலான சிறைக்குப் பின் நான்காண்டு. சிங்கப்பூரில் மூன்று மாதத்துக்கு மிகாத சிறையோ சிறு அபராதமோ பெற்றவர் ஐந்தாண்டு குற்றமின்றி இருந்தால் பதிவு காலாவதியாகிறது. அதன்பின் தண்டனை எதுவும் இல்லை என்று அவர் சட்டப்படியே சொல்லலாம்.

அறநெறி அக்கறை உள்ளவர்கள் தயங்கி நிற்கும் இடம் இதுதான். பொய் சொல்ல அரசே அனுமதிப்பதா? இந்தத் தயக்கத்தைத் தள்ளிவிடக் கூடாது. சட்டம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் நாட்டில், ‘இல்லை’ என்றால் ‘சொல்லக் கடமைப்பட்டது ஒன்றும் இல்லை’ என்றுதான் கேட்பவரும் புரிந்துகொள்வார். அதனால் ஏமாற்று இல்லை என்று வாதிடலாம். அந்த வாதம் தவறில்லை. ஆனாலும் நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று ஒரு மனிதனைச் சொல்லவைப்பது அவன் நாக்கில் ஒரு கசப்பை விட்டுவைக்கும். அதைவிட நேரான வழி, பாரத்தைக் கேட்பவர் மேல் வைப்பது. படிவத்தில் ‘எப்போதாவது’ என்பதற்குப் பதில் ‘கடந்த ஐந்து ஆண்டுகளில்’ என்று அச்சிட்டால் போதும். ஒருவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்குச் சலுகை தருவதைவிடக் கேள்விக்கு எல்லை வகுப்பதே நேர்மையானது.

பாதிக்கப்பட்டவரின் குரல் இதில் எல்லாவற்றையும்விடக் கனமானது. அடி வாங்கியவரின் காயத்துக்குக் காலாவதித் தேதி இல்லை. அவருக்கு மட்டும் ஐந்தாண்டில் எல்லாம் முடிந்துவிடுமா? முடியாது. அதனால்தான் ஆவணத்தை அழிப்பதைவிட மூடி வைப்பது மேல். தீர்ப்பு பொய்யென்று ஆகிவிடாது. நீதிமன்றப் பெட்டகத்தில் அது இருக்கும். மறுபடி குற்றம் செய்தால் நீதிபதி எடுத்துப் பார்ப்பார். தனக்கு நேர்ந்ததைச் சொல்லும் உரிமையும் பாதிக்கப்பட்டவருக்கு அப்படியே இருக்க வேண்டும். இங்கிலாந்துச் சட்டம்கூடப் பழைய தண்டனையை ஒருவர் தீய நோக்கத்தோடு வெளியிட்டால்தான் அவதூறு வழக்கில் ‘அது உண்மை’ என்ற எதிர்வாதத்தைப் பறிக்கிறது. பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கொலை போன்றவற்றை மூடும் பட்டியலில் சேர்க்கவே கூடாது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் புழங்கும் வேலைகளுக்குக் கேள்வி நீளமாகவே இருக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்க வேண்டியது நியாயமும் இழப்பீடும் பாதுகாப்பும். குற்றவாளியின் ஆயுட்கால வேலையின்மை இவற்றில் எதையும் தருவதில்லை. மாதச் சம்பளம் வாங்குபவனிடமிருந்துதான் இழப்பீட்டுத் தவணையும் வரும்.

அமெரிக்காவிலிருந்து வரும் ஒரு கசப்பான ஆய்வும் உண்டு. நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் வேலை விண்ணப்பத்தில் குற்றப் பின்னணி குறித்த கேள்வியை நீக்கிய பிறகு, கறுப்பின இளைஞர்களுக்கும் வெள்ளையருக்கும் வரும் நேர்காணல் அழைப்புகளின் இடைவெளி பெருகியதை அமாண்டா ஏகன், சோன்யா ஸ்டார் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். தனிமனிதனின் பதிவு தெரியாதபோது முதலாளிகள் அவன் கூட்டத்தையே சந்தேகித்தார்கள். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டபோது, பிறப்பே குற்றப் பதிவானது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைக்க மறுத்து நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. சாதியும் தெருப் பெயரும் பதிவேட்டின் வேலையைச் செய்யும் நாட்டில், பதிவை மூடினால் மட்டும் சந்தேகம் மூடிக்கொள்ளும் என்று நம்புவது பேதைமை. அதற்காகப் பதிவைத் திறந்தே வைக்கலாம் என்பது, ஓர் அநீதியைத் தடுக்க இன்னோர் அநீதியை ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். இரண்டோடும் சேர்த்தே போராட வேண்டியிருக்கிறது.

எத்தனை ஆண்டு என்பதை உணர்ச்சிக்கு விட வேண்டாம். ஆல்பிரட் புளூம்ஸ்டைனும் கிமினோரி நாகமுராவும் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, நியூயார்க் மாநிலத்தில் பதினெட்டு வயதில் கொள்ளைக்காக முதன்முறை கைதானவர், எட்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் சுத்தமாக இருந்தால், அவர் மறுபடி கைதாகும் வாய்ப்பு அதே வயதுப் பொதுமக்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த எண் நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அளந்து பார்க்கக்கூடியது என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று, மனுப் போட்டால்தான் மூடுவோம் என்று வைத்தால் அது பெயருக்குத்தான் நடக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மனுதான் ஒரே வழியாக இருந்த காலத்தில், தகுதி பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் வெறும் 6.5 சதவீதம். வழி தெரியாமை, செலவு, மறுபடி கோர்ட் படி ஏறும் பயம் எல்லாம் சேர்ந்து மற்றவர்களை நிறுத்திவிட்டன. அங்கேயே பென்சில்வேனியா மாநிலம் 2018இல் சட்டம் செய்து, சிறு குற்றப் பதிவுகள் தானாகவே மூடிக்கொள்ள வழி செய்தது. நம் நீதிமன்ற வாசலில் நாள் முழுக்க நின்றிருக்கும் ஒரு கூலித் தொழிலாளியை நினைத்தால், தானாக மூடுவதைத் தவிர வேறெதுவும் நியாயமாகத் தோன்றவில்லை.

இணையம் வந்தபின் காவல் நிலைய ஏட்டை மூடினாலும் தேடுபொறி மூடுவதில்லை. குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர் தன் பெயர் இன்னும் தீர்ப்பில் தொங்குகிறது, நீக்குங்கள் என்று கேட்டுவந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021இல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அந்த ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தீர்ப்புகள் பொதுச்சொத்து என்ற கவலை நியாயமானது. சட்டக் காரணங்களைப் படிக்கப் பெயர் வேண்டியதில்லை என்பதும் நியாயமானது.

விடுதலையானவர்களின் நிலைதான் இன்னும் கொடுமை. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளின் 14(பி) விதிக்கு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது. சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியாகிவிட்டதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள் என்பது அதன் சாரம். 2008இல் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இந்த விதியை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதிய பிறகும் தேர்வு வாரியம் ‘சம்பந்தப்பட்டவர்’ என்று எழுதுகிறது. பகை காரணமாகப் பெயர் சேர்க்கப்பட்ட கிராமத்து இளைஞன், உடல்தகுதித் தேர்வில் ஓடி, கயிறு ஏறி, எழுத்துத் தேர்விலும் வென்றபின் இந்த ஒரு வரியில் விழுகிறான். நாடு முழுவதற்குமான காலாவதிச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் கூடித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த 14(பி) மாநில அரசு தானே வகுத்த விதி. திருத்துவதற்கு ஓர் அரசாணை போதும். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்புக்கு முன்பே அதை வெளியிடலாம்.