துணை வந்த நாயை மலையில் விடலாமா?

விடுமுறை நாட்களில் புந்தோங்கிலிருந்தும் ஈப்போவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் நம் மக்கள் மலை நாடிச் செல்லும் வழக்கம் பெருகி வருகின்றது. விடியுமுன்னே மெங்லெம்புவை அடுத்த கிளேடாங் மலையில் ஏறிக் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைக் கண்டு மகிழ்வோர் உண்டு. தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கேமரன் மலைக்குக் காரிற் செல்வோரும் உண்டு. இவர்களுட் சிலர் தம் வீட்டு நாயையும் உடன் கொண்டு செல்கின்றனர். இதனைக் கண்டு நகைப்பவர் பலர். 'மனிதனுக்கே வழியில்லாத உலகில் நாய்க்கு உல்லாசப் பிரயாணமா?' என்று அவர்கள் கேட்கின்றனர். இக்கேள்வியை அலட்சியமாய்த் தள்ளிவிடுதல் நியாயமாகாது. நம்மவர் நெடுங்காலம் பட்ட அவமானம் ஒன்று அதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

1924-ஆம் ஆண்டு திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில் சத்தியாக்கிரகம் தொடங்கியது எதற்காக? கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் தீண்டாதார் எனப்பட்டோர் நடத்தலாகாது என்னும் தடையை ஒழிப்பதற்காக. அதே தெருக்களில் நாயும் பன்றியும் கேட்பாரின்றித் திரிந்தன. அப்போராட்டத்திலே பெரியார் ஈ. வெ. ராமசாமி இருமுறை சிறை புகுந்தார். 1927 மார்ச்சு 20-இல் மகாட் நகரத்துச் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் இறங்கி நீர் அருந்தினார். ஆடுமாடுகள் வாய் வைத்த அந்நீரை மனிதரிற் சிலர் மட்டும் தொடலாகாது என்றிருந்த கட்டுப்பாடே அவர் உடைத்த கட்டுப்பாடு.

நம் மலாயாவின் சரித்திரமும் இதற்குக் குறைந்ததன்று. 1941-இல் கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர், ஆர். எச். நாதன் முதலானோர் முன்னிற்க, வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வும் கள்ளுக்கடை ஒழிப்பும் கேட்ட அவர்கள், துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் சைக்கிளை விட்டு இறங்காமற் செல்லும் உரிமையையும் கேட்டனர். தோட்டப் பாதையிலே துரையின் நாய் எவருக்கும் இறங்கி ஒதுங்கவில்லை. தொழிலாளிதான் ஒதுங்கினான். கிராணி வேலை பார்க்கும் நாம் இதனை மறந்து எழுதுதல் தகாது. அவன் ஒதுங்கியது நம் தொழிலின் முன்னோருக்காகவுங்கூட.

இவ்வளவும் மெய். ஆயினும், இவற்றிலிருந்து நாயின்மேற் பகை கொள்ளும் முடிவு எவ்வாறு பெறப்படும் என்று கேட்கின்றோம். வைக்கத்துத் தடையை நாய் விதிக்கவில்லை. மகாட் குளத்துக்கு மாடு காவல் நிற்கவில்லை. வைக்கத்திற் போராடியவர்கள் தெருவை மனிதருக்குத் திறக்கச் சொன்னார்களேயன்றி நாய்க்கு அடைக்கச் சொல்லவில்லை. ஓர் உயிருக்கு இழைக்கப்பட்ட அநீதியை மற்றோர் உயிரின் முதுகில் தீர்த்துக்கொள்வது பரிகாரமாகாது. பழைய நோய் ஒரு படி கீழே இறங்குவதாகவே முடியும்.

கீழே இறங்குவது என்று காரணத்தோடுதான் சொன்னோம். தோட்டத்தில் துரை கிராணியை வைவான். கிராணி கங்காணியை வைவான். கங்காணி தொழிலாளியை வைவான். தொழிலாளி வீட்டுக்கு வந்து மனைவியை வைவான். பிள்ளை வெளியே போய் நாயின்மேற் கல்லெறிவான். எல்லாருடைய வாயிலும் வரும் வசவுச் சொல் 'நாயே' என்பதே. தனக்குக் கீழ் ஒருவன் இருக்கின்றான் என்னும் ஆறுதலே சாதிக் கட்டடத்தை விழாமல் தாங்கும் தூண் என்பதை அம்பேத்கர் விளக்கிப் போந்தார். அந்த ஆறுதல் நாயின்மேற் கல்லெறியும் கையிலும் இருக்கின்றது. சுயமரியாதை வேண்டுவோர் அந்த ஆறுதலையும் கைவிடத்தான் வேண்டும்.

இனி, நாயோடு மலையேறிய ஒருவரைப் பற்றி நம் மக்கள் நெடுங்காலமாய்க் கேட்டுவரும் கதையைப் பார்ப்போம். பாரதத்தின் முடிவில் தருமர் மனைவியோடும் தம்பியரோடும் இமயம் நோக்கிச் செல்கின்றார், நாயொன்று பின்தொடர்கின்றது. வழியில் திரௌபதியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராய் விழுந்து மாள்கின்றனர். முடிவில் இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டுவிட்டு ஏறுக என்கின்றான். தருமர் மறுக்கின்றார். தம்பியரை விட்டு வந்தவர் நாயை விட ஏன் தயங்கவேண்டும் என்ற கேள்விக்கு, மாண்டவரை எழுப்பத் தம்மால் இயலாது, உயிரோடிருந்தவரை அவர்களைத் தாம் விட்டதில்லை என்று விடை சொல்கின்றார். அப்பொழுது நாய் தன் உருவை மாற்றித் தருமதேவதையாய் நிற்கின்றது.

பகுத்தறிவுடையோர் இங்கே ஒரு வினாவை எழுப்பவேண்டும். அந்நாய் தெய்வமாய் மாறாமல் நாயாகவே நின்றிருந்தால் தருமர் செய்தது சரியா, பிழையா? சரி எனின், தெய்வம் வெளிப்பட்டதனால் அச்செயலின் சிறப்பு ஒரு குன்றிமணியளவும் கூடவில்லை. பிழை எனின், அவர் செய்தது அறமன்று, அதிர்ஷ்டம். புராணிகர்கள் நாயைத் தேவதையாக்கிய இடத்திலேயே கதையின் வலிமையைக் குறைத்துவிட்டனர் என்பது நமது அபிப்பிராயம். மாறுவேடத்தில் வந்திருப்பது யாரோ என்று அஞ்சி ஏழைக்குச் சோறிடுபவன் ஏழையை மதித்தவனாகான். நம்மை நம்பிப் பின்வந்தது வெறும் நாய் என்று நன்கறிந்தும், அதை விட்டால் கேட்பார் ஒருவருமில்லை என்று தெரிந்தும் விடாதிருப்பவனே தருமன். இந்திரனும் தேரும் இல்லாத மலையிற்றான் இப்பரீட்சை நடக்கின்றது.

அப்பரீட்சை நம் காலத்திலும் நடக்கின்றது. பலர் அதில் தவறிவிடுகின்றனர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும் போனபோது, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து நம்மவர் பட்டணம் சேர்ந்தனர். அவர்கள் அடைந்த அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் நாய் வளர்க்க அனுமதியில்லை. சாமான் ஏற்றிய லாரியின் பின்னே நாய் ஓடிவந்த கதையைக் கேளாத தோட்டத்தார் அரியர். அவர்களை நாம் குறை கூறத் துணியோம். நாற்பதாண்டு பால் வெட்டியவனை ஒரு கடிதத்தால் வெளியேற்றியவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை, தலைக்குமேற் கூரையின்றி நின்றவனிடம் கேட்பது முறையன்று.

ஆனால் வேறு சிலர் இருக்கின்றனர். வீடும் காரும் வாய்ந்தவர்கள். குட்டியாய் இருக்கையில் அழகென்று வாங்கி, வளர்ந்தபின் தொல்லையென்று கண்டு, ஒருநாள் காரில் ஏற்றித் தொலைதூரத்து மலைப்பாதை ஓரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புகின்றனர். உலாவச் செல்லும் காரும் கைவிடச் செல்லும் காரும் ஒரே சாலையில் ஏறுகின்றன. இரண்டிலும் நாய் ஒரே மகிழ்ச்சியோடுதான் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போகின்றது. நாயை நேசிப்பவன் யார் என்பதை மலையேறும் காரைக் கொண்டு அறிய முடியாது. இறங்கும் காரைக் கொண்டே அறியலாம். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் உயிர்களுக்குக் கொடுமை செய்வோருக்கு 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கின்றது. எனினும், ஆளில்லாத மலைவளைவில் போலீசுக்காரன் நிற்பதில்லை; மனச்சாட்சி ஒன்றே அங்குச் சாட்சி.

விடாதிருத்தல் மட்டும் போதுமா எனின், போதாது. அன்பு பிறருக்குச் சுமையானால் அது தன்னலமே. இந்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி முறைப்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவவேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால். ஒற்றையடிப் பாதையில் எதிரே வரும் அன்பரின் காலை நம் நாய் நக்குமானால், அவரது அன்றைய தொழுகைக்கு நாம் இடையூறாகின்றோம். ஆகவே, கயிற்றைக் குறுகப் பிடித்து ஓரமாய் நின்று அவருக்கு வழிவிடுதல் கடமை. அஃது அடிமை ஒதுங்கும் ஒதுக்கமன்று. சமமானவர் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. நாய் கழித்ததை நாமே அள்ளி எடுத்து வருதலும் அவ்வாறே. அதைப் பின்னால் வரும் துப்புரவுத் தொழிலாளிக்கு விட்டுவைப்பவன், வைக்கத்துத் தடையை எதிர்த்துப் பேச யோக்கியதை உடையவனல்லன்.

காட்டுயிர்களுக்கும் நாம் பொறுப்பாளிகள். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் என்னும் நோய் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சுமார் ஆயிரம் சிங்கங்களை மாய்த்தது. 2019-இல் திரெங்கானுவில் பிடிபட்ட புலியொன்றும் இந்நோயால் இறந்தது. மலாயாப் புலிகள் காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவெனக் கணக்கிடப்படும் காலத்தில், தடுப்பூசியிடாத நாயைக் காட்டோரம் அவிழ்த்துவிடுதல் சிறு பிழையாகாது. கைவிடப்பட்ட நாயோ, தடுப்பூசியும் காவலுமின்றி அக்காட்டிலேயே திரிகின்றது. வெறிநோய் 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் தோன்றியதை நாம் கண்டோம். ஒருவன் மலையில் இறக்கிவிட்ட சுமை அவனோடு முடிவதில்லை.

நாயின் உடல்நிலையையும் எண்ணவேண்டும். நம்மைப்போல் அஃது உடல் முழுதும் வியர்த்துக் குளிர்வதில்லை. நாவை நீட்டி இளைத்தே சூட்டைத் தணிக்கின்றது. வெயிலில் பூட்டிய காரில் சிறிது நேரத்திலேயே அதன் உயிர் போய்விடக்கூடும். ஆகவே காலையிலே ஏறுக. நீர் கொண்டு செல்க. திரும்பியபின் உண்ணியும் அட்டையும் பற்றியுள்ளனவா என்று தேடிப் பார்க்க. கிழநாயை உச்சிவரை இழுத்துச் செல்லாமல், அது நின்ற இடத்திலிருந்தே திரும்புதலும் அன்பின் பாற்பட்டதே. உச்சியைக் காண வேண்டுமென்பது நமது ஆசையேயன்றி அதன் ஆசையன்று.

அன்பர்களே! நாயோடு மலையேறுவது நாகரிகமும் அன்று, பாவமும் அன்று. சாலை எல்லா மனிதருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று போராடிய மரபு நம்முடையது. அச்சாலையில் நம்மை நம்பி ஒரு வாயில்லாப் பிராணியும் வருமாயின், அதனால் அம்மரபுக்கு இழுக்கு நேர்ந்துவிடாது. அழைத்துச் சென்றவன் திரும்ப அழைத்து வரட்டும். அவ்வளவிற்கு மனவுறுதி இல்லாதவர் குட்டியை விலை பேசாமலே இருப்பாராக.