பதினாறாம் அதிகாரம்

ரோமர் நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்கள் குறைவு. முந்தைய அதிகாரங்களில் பாவம், கிருபை, நியாயப்பிரமாணம் என்று கனமான விஷயங்கள். இதில் இருப்பதோ இன்னாருக்கு வாழ்த்து, இன்னாருக்கு வாழ்த்து என்று ஒரு பெயர்ப் பட்டியல். எனக்கு அந்த நிருபத்திலேயே பிடித்த பகுதி இதுதான்.

கி.பி. 57 வாக்கில் பவுல் கொரிந்துவிலிருந்து எழுதியது. அதில் பெண்கள் பத்துப் பேர் வருகிறார்கள். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்ற நால்வரும் பாடுபட்டு உழைத்தவர்கள் என்கிறார். அந்தப் பட்டியலில் ஆண் ஒருவருக்கும் அந்தப் பாராட்டு இல்லை. என்ன உழைப்பு என்று அவர் விளக்கவில்லை. ஊகிக்கலாம். அன்று ஆலயக் கட்டடம் கிடையாது. சபை கூடியது வீடுகளில். வந்தவர்கள் சேர்ந்து உண்டார்கள், வெளியூர் ஊழியர்கள் தங்கிப் போனார்கள். கூடாரத் தொழிலாளிகளான பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதி வீட்டிலும் சபை கூடியது. பகலெல்லாம் கைத்தொழில், பிறகு வீடு நிறைய ஆட்கள். பாத்திரம் துலக்கியது யாரோ!

நம் பண்டிகை ஆராதனைகளின் முடிவில் மைக் செட் உபயம் செய்தவர் பெயர் இனிஷியலோடு வரும். அடுத்து, 'பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி' என்று ஒரே வரி. மூன்று நாள் அடுப்படியில் நின்றவர்கள் எல்லோரும் அந்த 'தாருக்கு'ள் அடங்கிவிடுவார்கள்.

பவுலும் இதில் முழுக்கத் தப்பவில்லை. பட்டியலில் வரும் ரூபு என்பவரின் அம்மாவைத் தனக்கும் தாய் என்று உருகுகிறார், பெயரைச் சொல்லவில்லை. பின்னாளில், கி.பி. 112 வாக்கில், பித்தினியா-பொந்து ஆளுநர் பிளினி, சபை ஊழியக்காரிகளான இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். அவர்களுக்கும் பெயர் இல்லை.

பவுலின் பட்டியலில் தலையில் நிற்பவர் பெபேயாள். கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவில் சபை ஊழியக்காரி. பவுல் உட்படப் பலரை ஆதரித்தவர். நிருபத்தை ரோமுக்குக் கொண்டுபோனவரே அவர்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. புகழ்ந்ததோடு பவுல் விட்டுவிடவில்லை. அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், எது தேவைப்பட்டாலும் கைகொடுங்கள் என்று ரோமாபுரியாரிடம் கேட்டுக்கொள்கிறார். ஊருக்கெல்லாம் உதவியவருக்கும் தேவைகள் இருக்கும் என்று பவுலுக்குத் தோன்றியிருக்கிறது. வெறும் பாராட்டை வைத்துக்கொண்டு அந்நிய நகரத்தில் பெபேயாள் எங்கே போய்த் தங்குவார்?